செஷன் உயிரோடு இருக்கு, பாக்கெட் எங்கே போச்சு?

ரவுட்டர் கையேடுகளில் அடிக்கடி கண்ணில் படும் ஒரு பாடம் உண்டு: "ஐபிவி4 செஷன் மேல ஐபிவி6 ரூட்டுகளை அனுப்புவது எப்படி". ஒரு படம், இரண்டு ரவுட்டர், பத்துப் பன்னிரண்டு வரி கான்ஃபிக். கடைசியில் ஒரு ஷோ கட்டளை, அதில் "எஸ்டாப்ளிஷ்ட்" என்று ஒரு வார்த்தை. பாடம் முடிந்தது.

அந்தப் பாடத்தில் தப்பு எதுவும் இல்லை. போட்டால் வேலை செய்யும். என் குறை வேற. அது எதை இழக்க வைக்கிறது என்று அந்தப் பக்கம் சொல்வதே இல்லை. நான் அதைப் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

சில வருஷம் முன்னால ஒரு சின்ன நெட்வொர்க்குக்கு உதவி செஞ்சிட்டிருந்தேன். வெளி உலகத்துக்குப் போக இரண்டு அப்ஸ்ட்ரீம். முதல் அப்ஸ்ட்ரீமோட ஏற்கெனவே ஐபிவி4 பிஜிபி செஷன் இருந்தது. ஐபிவி6 வந்தபோது, "தனியா இன்னொரு செஷன் எதுக்கு, இதிலேயே ஏத்திடலாமே" என்று அதே செஷனில் ஏற்றினோம். இரண்டாவது அப்ஸ்ட்ரீம் மட்டும் ஐபிவி6-க்குத் தனிச் செஷன் கேட்டார்கள். முணுமுணுத்துக்கொண்டே போட்டுக் கொடுத்தோம்.

ஒரு ராத்திரி பதினொரு மணிக்கு, முதல் அப்ஸ்ட்ரீம் பக்கம் இருந்த இன்டர்ஃபேஸில் ஒரு ஃபில்டர் போட்டோம். மறுநாள் காலையில் இருந்து "நெட் ஸ்லோ" என்று புகார். யாரும் "நெட் போச்சு" என்று சொல்லவில்லை, ஸ்லோ என்றுதான் சொன்னார்கள். பிஜிபி செஷனைப் பார்த்தால் எஸ்டாப்ளிஷ்ட். ஐபிவி6 ரூட்டுகள் எண்ணிக்கை குறையவில்லை. கிராஃபில் ஐபிவி4 டிராஃபிக் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. சாயங்காலம் மூணு மணிக்கு, இரண்டு சர்வருக்கு நடுவில் பேக்கப் எடுக்கும் ஒருவர் "என் ஸ்கிரிப்ட் ராத்திரியில் இருந்து ஓடவே இல்லை" என்றபோதுதான் ஐபிவி6-ஐத் தனியாகப் பிங் செய்து பார்த்தோம். முதல் அப்ஸ்ட்ரீம் வழியாக ஒரு ஐபிவி6 பாக்கெட்கூட போகவில்லை. பதினாறு மணி நேரமாக.

ஏன் இப்படி ஆச்சு என்று புரிய, இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று கொஞ்சம் பின்னால் போகணும்.

மூணே மூணு இடம்

பிஜிபி என்பது இரண்டு ரவுட்டர்கள் டிசிபி போர்ட் 179-இல் ஒரு இணைப்பு போட்டு, "என் வழியாக இந்த இந்த முகவரிகளுக்குப் போகலாம்" என்று சொல்லிக்கொள்ளும் பேச்சு. 1995-இல் வந்த ஆர்எஃப்சி 1771 இதன் நான்காம் பதிப்பை வரையறுத்தது. அதே வருஷம் டிசம்பரில்தான் ஐபிவி6-இன் முதல் வரையறை வந்தது. அதனால் பிஜிபி முழுக்க ஐபிவி4 மனசோடு எழுதப்பட்டது.

ஆனால் உள்ளே ஆராய்ந்தால், ஐபிவி4-ஐச் சார்ந்த இடம் மூணுதான்: நெக்ஸ்ட்-ஹாப், அக்ரிகேட்டர், முகவரித் தொகுதிகளின் பட்டியல். மத்ததெல்லாம் எந்த முகவரிக்கும் பொருந்தும். 1998-இல் ஆர்எஃப்சி 2283 இதைப் பிடித்துக்கொண்டது. 14, 15 என்று இரண்டு புதிய ஆட்ரிபியூட். 14-இல் "இது இன்ன வகை முகவரி, இதுக்கு நெக்ஸ்ட்-ஹாப் இது, பட்டியல் இது". 15-இல் "இவை இனி கிடையாது". அவ்வளவுதான். பழைய நெறிமுறை உடையாமல், புதுசா எந்த முகவரி வகை வந்தாலும் ஏற்றிக்கொள்ள வழி பிறந்தது. இன்று அந்த விரிவாக்கம் ஆர்எஃப்சி 4760 என்ற எண்ணில் இருக்கிறது. விபிஎன் ரூட்டுகள், மல்டிகாஸ்ட், டேட்டா சென்டரின் மேக் முகவரிகள் என்று அதன் மேல் என்னென்னவோ ஓடுது. நல்ல வடிவமைப்பு என்றால் இதைத்தான் சொல்லணும்.

இதிலிருந்து கிடைத்த விளைவு: பேச்சு நடக்கும் தடம் ஒன்று, பேசப்படும் விஷயம் வேறொன்று. ஐபிவி4 மேல் ஓடும் டிசிபி இணைப்பில் ஐபிவி6 ரூட் பேசலாம். தலைகீழாகவும் செய்யலாம்.

1999-இல் சொன்ன ஒரு வாக்கியம்

ஐபிவி6-க்கு இந்த நீட்டிப்பை எப்படிப் பயன்படுத்துவது என்பதைச் சொல்வது ஆர்எஃப்சி 2545. 1999 மார்ச், பெட்ரோ மார்க்கெஸும் ஃபிரான்சிஸ் டியூபோனும் எழுதியது. ரொம்பச் சின்ன ஆவணம். டிரான்ஸ்போர்ட் பற்றி ஒரு சின்னப் பகுதி இருக்கிறது, அதில் இரண்டு விஷயம் வருது.

முதலாவது, ஐபிவி4 மேல் செஷன் ஓட்டினால் பக்கத்து ரவுட்டரின் ஐபிவி6 முகவரியைத் தனியாகக் கான்ஃபிக் செய்து சொல்லணும். நியாயம்தான். சாதாரணமாக செஷன் எந்த முகவரியோடு போடப்பட்டதோ அதை வைத்து ரவுட்டர் பல விஷயத்தை ஊகித்துக்கொள்ளும். இங்கே அந்த முகவரி வேற வகை, ஊகிக்க முடியாது.

இரண்டாவது, ஐபிவி6 மேலேயே செஷன் ஓட்டினால் ஒரு அனுகூலம் உண்டு: இரண்டு பேருக்கும் நடுவில் ஐபிவி6 உண்மையிலேயே போய்வருகிறது என்பதற்கு அந்தச் செஷனே சாட்சி.

அந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் எங்கள் பதினாறு மணி நேரம் இருந்தது. ஆனால் அது "இப்படியும் ஒரு நன்மை" என்ற தொனியில் வருகிறது. "இப்படித்தான் செய்ய வேண்டும்" என்றோ, "இப்படிச் செய்வது நல்லது" என்றோ தரநிலை மொழியில் சொல்லப்படவில்லை. 1999-ஐ நினைத்துப் பார்த்தால் புரியுது. அப்போது ஐபிவி6 உலகம் என்பது பெரும்பாலும் 6போன் என்ற சோதனை நெட்வொர்க். அதன் இணைப்புகளில் பெரும்பகுதி ஐபிவி4-க்குள் போட்ட டன்னல்கள். பாக்கெட்டே ஐபிவி4 மேல ஏறித்தான் போகுது என்றால், செஷனும் அதன் மேல் போவதில் என்ன பெரிய வித்தியாசம்? அந்தக் காலத்துக்கு அந்தத் தாராளம் சரி.

அப்புறம் இணைப்புகள் டூயல்-ஸ்டாக் ஆனது. ஒரே கேபிளில் ஐபிவி4 தனியாக, ஐபிவி6 தனியாக. அந்த வாக்கியத்தின் எடை கூடியது. கையேடுகள் கூட்டவில்லை.

முகமூடி போட்ட முகவரி

கையேட்டுப் பாடத்தில் எல்லாரும் முதலில் மாட்டிக்கொள்ளும் இடம் நெக்ஸ்ட்-ஹாப். செஷன் ஐபிவி4 முகவரியில் இருக்கு, ஆனால் ஐபிவி6 ரூட்டுக்கு 128 பிட் நெக்ஸ்ட்-ஹாப் வேணும். என்ன செய்வது? பல ரவுட்டர்கள் "மேப்டு" முகவரி ஒன்றைத் தயாரித்துக்கொள்ளும்: முதல் 80 பிட் பூஜ்யம், அடுத்த 16 பிட் ஒன்று, கடைசி 32 பிட்டில் அந்த ஐபிவி4 முகவரி. பார்க்க ஐபிவி6, உள்ளே பழைய ஆள்.

எதிர்ப்பக்க ரவுட்டருக்கு அந்த முகவரிக்கு எப்படிப் போவது என்று தெரியாது. ரூட் வந்து சேரும், பயன்படாது. அதற்குக் கையேடு இரண்டு மருந்து சொல்லும். ஒன்று, பாலிசி எழுதி நெக்ஸ்ட்-ஹாப்பை உண்மையான ஐபிவி6 முகவரியாக மாற்று. இல்லையென்றால், இன்டர்ஃபேஸிலேயே அந்த மேப்டு முகவரியைப் போட்டுவிடு. சில மென்பொருள்கள் கேட்காமலேயே இன்டர்ஃபேஸில் இருக்கும் ஐபிவி6 முகவரியை எடுத்துக்கொள்ளும். ஆக, இரண்டு கம்பெனி ரவுட்டர் எதிரெதிரே இருந்தால் இரண்டு பழக்கம். சில கையேடுகள் இந்த முகவரியை "ஐபிவி4-கம்பாட்டிபிள்" என்று வேற சொல்லும். அது தப்பு. அந்தப் பெயரில் இருந்த வேறொரு வடிவம் 2006-இல் ஆர்எஃப்சி 4291 வந்தபோதே கைவிடப்பட்டது. இது மேப்டு. தேடிப் படிக்கிற புதுப் பொறியாளர் இங்கேயே அரை நாள் தொலைப்பார்.

இந்தத் தொல்லையைக் கையேடுகள் நன்றாகவே விளக்குகின்றன, ஏனென்றால் இது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. ரூட் வேலை செய்யலை, நீங்க தேடுவீங்க, தீர்வு கிடைக்கும். என் கவலை அடுத்ததைப் பற்றி. எல்லாம் சரியாக வேலை செஞ்சு, மூணு மாசம் கழிச்சு ஒரு நாள் பாதி மட்டும் செத்துப் போவது.

ஒரே கேபிள்தானே?

"ஒரே கேபிள், ஒரே போர்ட். ஐபிவி4 போனால் ஐபிவி6-உம் போகும், அது எப்படித் தனியா சாகும்?" இந்தக் கேள்வியை நானும் கேட்டிருக்கேன். எங்கள் ஃபில்டரே பதில்.

ஐபிவி4 ஃபில்டரில் பழைய காலத்து வழக்கப்படி ஐசிஎம்பி-ஐத் தடுத்து வைத்திருந்தோம். நல்ல பழக்கம் இல்லை, ஆனாலும் ஓடிக்கொண்டிருந்தது. அதே வரிசையை ஐபிவி6-க்குக் காப்பி செய்தோம். ஐபிவி4-இல் பக்கத்து ரவுட்டரின் மேக் முகவரியைக் கண்டுபிடிப்பது ஆர்ப். அது ஐபி-க்கே வெளியே தனி நெறிமுறை, ஐசிஎம்பி ஃபில்டர் அதைத் தொடாது. ஐபிவி6-இல் அந்த வேலையைச் செய்யும் நெய்பர் டிஸ்கவரி ஐசிஎம்பிவி6-க்கு உள்ளே இருக்கு, 135, 136 என்ற இரண்டு வகைச் செய்திகளாக. ஐசிஎம்பிவி6-ஐ மொத்தமாகத் தடுத்தால் பக்கத்தில் இருப்பவர் யார் என்றே தெரியாமல் போயிடும். கொஞ்ச நேரத்தில் நெய்பர் பதிவு காலாவதி ஆச்சு, ஐபிவி6 நின்னுடுச்சு. ஐபிவி4 செஷன் எதுவும் நடக்காத மாதிரி கீப்அலைவ் அனுப்பிக்கொண்டே இருந்தது.

இது ஒரு வழிதான். நெய்பர் டிஸ்கவரி மல்டிகாஸ்ட்டை நம்பி இருக்கு, நடுவில் இருக்கும் சுவிட்ச் மல்டிகாஸ்ட்டைத் தப்பாகக் கையாண்டாலும் இதே கதை. யாராவது இன்டர்ஃபேஸில் ஐபிவி6 முகவரியை மாற்றிவிட்டாலும் இதே கதை.

இப்போது ரவுட்டரின் இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்க. செஷன் உயிரோடு இருக்கு. ரூட் இருக்கு. நெக்ஸ்ட்-ஹாப் நேரடியாக இணைந்த நெட்வொர்க்கில் இருக்கு, அதனால் "போகக்கூடியது". ரூட்டைக் கைவிட அதற்கு ஒரு காரணமும் இல்லை. வெளியே போகும் பாக்கெட் எங்கள் ரவுட்டரில் செத்தது. உள்ளே வரும் பாக்கெட், எங்கள் முகவரிகளை உலகத்துக்குத் தொடர்ந்து அறிவித்துக்கொண்டிருந்த அப்ஸ்ட்ரீமின் ரவுட்டர் வரை வந்து செத்தது. இரண்டாவது அப்ஸ்ட்ரீம் முழு ஆரோக்கியத்தோடு பக்கத்திலேயே சும்மா இருந்தது.

செஷன் ஐபிவி6 மேல் இருந்திருந்தால்? கீப்அலைவும் அதே நெய்பர் டிஸ்கவரியை நம்பித்தான் போயிருக்கும். ஆர்எஃப்சி 4271 பரிந்துரைக்கும் ஹோல்ட் டைம் 90 விநாடி. அதற்குள் செஷன் விழுந்து, ரூட்டுகள் விலகி, டிராஃபிக் இரண்டாவது வழிக்குப் போயிருக்கும். 90 விநாடி எங்கே, 16 மணி நேரம் எங்கே.

"பிஎஃப்டி போட்டிருக்கலாமே" என்பார்கள். பழுதை மில்லி விநாடிகளில் கண்டுபிடிக்கும் நெறிமுறை அது. போட்டிருந்தோம். ஆனால் அது பிஜிபி செஷனின் முகவரியைத்தான் பின்தொடரும். செஷன் ஐபிவி4, பிஎஃப்டியும் ஐபிவி4. வேகமாகவும் துல்லியமாகவும் தப்பான கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

மேலே இன்னொரு திரை. உலாவிகளில் "ஹேப்பி ஐபால்ஸ்" என்ற ஏற்பாடு உண்டு. ஐபிவி6-இல் இணைப்பு கிடைக்கவில்லை என்றால், கொஞ்சம் பொறுத்து ஐபிவி4-உம் முயற்சி செய்யும். ஆர்எஃப்சி 8305 பரிந்துரைப்பது 250 மில்லி விநாடி காத்திருப்பு. பயனருக்கு நல்லது. ஆனால் பழுது "போச்சு" என்று தெரியாமல் "ஸ்லோ" என்று தெரியும். அப்படி ஒரு ஏற்பாடு இல்லாத பேக்கப் ஸ்கிரிப்ட் இருந்ததால்தான் எங்களுக்குத் தெரிஞ்சது.

தலைகீழ் பிரச்சினை

சாக வேண்டிய நேரத்தில் சேர்ந்து சாகாதவை, சாகக் கூடாத நேரத்தில் சேர்ந்து சாகும். அப்ஸ்ட்ரீம் உங்கள் ஐபிவி6 ரூட்டுகளுக்கு ஒரு உச்ச வரம்பு வைத்திருக்கிறது, நீங்க தவறுதலா அதைத் தாண்டிட்டீங்க என்று வையுங்கள். வரம்பு முகவரி வகைக்குத் தனித்தனிதான், ஆனால் தண்டனையாக மூடப்படுவது செஷன். ஐபிவி6 தப்புக்கு ஐபிவி4-உம் போயிடும். ஐபிவி6 ஆட்ரிபியூட்டில் பிழை இருந்தால் அந்த வகை ரூட்டுகளை மட்டும் தூக்கிப்போட்டுவிட்டுச் செஷனை வைத்துக்கொள்ள ஆர்எஃப்சி 4760 இடம் தருகிறது. செஷனையே மூடவும் இடம் தருகிறது.

ஐபிவி6-ஐச் சேர்க்கும் அந்த முதல் நாளே இது ஆரம்பிக்கும். எந்தெந்த வகை பேசுவோம் என்பது செஷன் தொடங்கும்போது ஓப்பன் செய்தியில்தான் ஒத்துக்கொள்ளப்படும். ஓடிக்கொண்டிருக்கும் ஐபிவி4 செஷனில் ஐபிவி6-ஐச் சேர்க்கணும்னா அதை ஒருமுறை அவிழ்த்துக் கட்டணும். புதுசா வர்றவருக்காக வீட்டில் இருப்பவரை எழுப்பி வெளியே அனுப்புகிற மாதிரி.

எதிர்த்தரப்பு

இந்தப் பக்கமும் வாதம் இருக்கு. செஷன் எண்ணிக்கை. உள்ளே 20 ரவுட்டரை எல்லோரும் எல்லோரோடும் என்று இணைத்தால் 190 செஷன். இரண்டு வகைக்கும் தனித்தனி என்றால் 380. கான்ஃபிக் இரட்டிப்பு, கண்காணிப்பு இரட்டிப்பு. பாஸ்வேர்டு மாற்றினால் இரண்டு இடத்தில் மாற்றணும், ஒன்றை மறப்போம்.

கான்ஃபிக் பற்றிய வாதம் நியாயமானது. ரவுட்டர் சுமை பற்றிய வாதம் எனக்கு ஒப்புதல் இல்லை. கீப்அலைவ் செய்தி 19 பைட், 90 விநாடி ஹோல்ட் டைமுக்கு 30 விநாடிக்கு ஒன்று. நினைவகத்தைத் தின்பது பெரும்பாலும் ரூட்டுகள், அவை எந்தச் செஷனில் வந்தாலும் அதே எண்ணிக்கைதான்.

இதைவிடப் பலமான எதிர்வாதம் ஒன்று உண்டு. செஷன் சாட்சி சொல்வது அந்த இரண்டு ரவுட்டருக்கு நடுவில் மட்டும்தான். உள் நெட்வொர்க்கில் ரூட் ரிஃப்ளெக்டர் வைத்திருந்தால் பேச்சு அதனோடு, பாக்கெட் போவது வேறொரு ரவுட்டருக்கு. இன்டர்நெட் எக்ஸ்சேஞ்சில் ரூட் சர்வரோடு பேசினாலும் அப்படியே. அங்கே ஐபிவி6 செஷன் போட்டாலும் முழுச் சாட்சி கிடைக்காது. ஒத்துக்கொள்கிறேன். என் குறை முக்கியமாக நேருக்கு நேர் இணைப்புகளுக்கு, அதாவது கையேட்டுப் பாடத்தில் படம் போட்டுக் காட்டும் அதே இரண்டு ரவுட்டர் காட்சிக்கு.

எங்கே இது சரி

ஐபிவி4 செஷனில் ஐபிவி6 ரூட் போவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. 2007-இல் வந்த ஆர்எஃப்சி 4798, புழக்கத்தில் 6பிஇ, இதையே அடித்தளமாக வைத்தது. நடுவில் இருக்கும் ரவுட்டர்களுக்கு ஐபிவி6 என்றாலே தெரியாது. ஓரத்தில் இருக்கும் ரவுட்டர்கள் ஐபிவி4 மேல் பேசி, மேப்டு முகவரியை நெக்ஸ்ட்-ஹாப்பாகக் கொடுத்து, கூடவே ஒரு எம்பிஎல்எஸ் லேபிளும் கொடுக்கும். ஐபிவி6 பாக்கெட் லேபிள் ஒட்டிக்கொண்டு ஐபிவி4-க்காகப் போட்ட பாதையிலேயே போகும். இங்கே மேப்டு முகவரி முகமூடி இல்லை, உண்மையான விலாசம். "இந்த ஐபிவி4 முகவரி வரை போகும் லேபிள் பாதையில் ஏறு" என்று பொருள். பேச்சும் பாக்கெட்டும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன.

எதிர்த் திசையில் ஆர்எஃப்சி 8950 (முதலில் 2009-இல் ஆர்எஃப்சி 5549). ஐபிவி6 செஷனில் ஐபிவி4 ரூட், நெக்ஸ்ட்-ஹாப் ஐபிவி6 முகவரி. இன்டர்ஃபேஸில் ஐபிவி4 முகவரியே வேண்டாம் என்பதால் டேட்டா சென்டர்களில் இதை விரும்புகிறார்கள். நெக்ஸ்ட்-ஹாப்பின் மேக் முகவரியை நெய்பர் டிஸ்கவரியில் கண்டுபிடித்து, அந்த மேக்-க்கு ஐபிவி4 பாக்கெட்டை அனுப்பிவிடும். ஆர்ப் தேவையே இல்லை. செஷன் எதை நம்பி உயிர் வாழ்கிறதோ, பாக்கெட்டும் பக்கத்து ரவுட்டர் வரை அதையே நம்பிப் போகிறது. எதிர்ப்பக்கம் ஐபிவி4-ஐ மேலே அனுப்புகிறதா என்று இது சோதிக்காது, ஆனால் இணைப்பு மட்டில் சாட்சி சரியாக இருக்கு.

இந்த இரண்டையும் கையேட்டுப் பாடத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேட்க வேண்டிய கேள்வி தெரியுது. எந்த வகை எதன் மேல் போகுது என்பது அல்ல. பாக்கெட் போகும் பாதை உடைந்தால், செஷனும் உடையுமா? 6பிஇ-இல் பெரும்பாலும் ஆம். 8950-இல் பெரும்பாலும் ஆம். டூயல்-ஸ்டாக் இணைப்பில் செஷன் எண்ணிக்கையைக் குறைக்க ஐபிவி6-ஐ ஐபிவி4 செஷனில் ஏற்றும்போது, இல்லை.

கையேடு எழுதுபவர்களிடம் நான் கேட்பது ஒரே ஒரு பத்தி. கான்ஃபிக்குக்கு மேலே, "இந்த முறையில் ஐபிவி6 பாதை பழுதானால் பிஜிபி-க்குத் தெரியாது, இரண்டு பக்கமும் ஐபிவி6 முகவரி இருந்தால் தனிச் செஷன் போடுங்கள்" என்று. 1999-இல் எழுதியதையே கொஞ்சம் உரக்கச் சொன்னால் போதும்.

ஏற்கெனவே இப்படி ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் இன்றைக்கே ஒன்று செய்யலாம்: ஒவ்வொரு ஐபிவி6 நெக்ஸ்ட்-ஹாப்பையும் ஐபிவி6-இலேயே பிங் செய்து, பதில் வரலைன்னா அலாரம் அடிக்க ஒரு சின்னக் கண்காணிப்பு. அது ரூட்டைத் தானாக விலக்காது, ஆனால் யாராவது பேக்கப் எடுக்கும் வரை காத்திருக்க வேண்டியிருக்காது. நாங்கள் அன்று சாயங்காலம் ஃபில்டரைச் சரிசெய்த கையோடு, அடுத்த வாரம் தனிச் செஷன் கேட்டு முதல் அப்ஸ்ட்ரீமுக்கு மெயில் போட்டோம். இரண்டு நாளில் போட்டுக் கொடுத்தார்கள். கான்ஃபிக் ஏழு வரி கூடியது.